நூற்று ஆறு கிராம்

சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு வெப்பமானி ஐம்பத்தேழு என்று காட்டியது. தபீதாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஐம்பத்தேழுதான். எண்பது டிகிரியில் நூற்றைம்பது மில்லி வெந்நீரை உள்ளே வைத்து மூடி, நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால், அறுபத்தெட்டுக்குக் கீழே அந்தப் பெட்டி இறங்கியதே கிடையாது. மண்டலப் போட்டியில் அறுபத்தெட்டரை. வியாழக்கிழமை ஒத்திகையில் அறுபத்தெட்டு. இன்றைக்கு ஐம்பத்தேழு. செவ்வாய்க்கிழமை வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மாநிலப் போட்டி.

பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் போட்டி அது. இருவர் சேர்ந்து, வெந்நீரை ஆறவிடாமல் வைத்திருக்கும் ஒரு பெட்டி செய்ய வேண்டும். கடை பிளாஸ்க்கின் பாகம் எதுவும் கூடாது, மின்சாரம் கூடாது. எவ்வளவு குறைவாக ஆறுகிறது என்பதற்குக் கொஞ்சம் மதிப்பெண். எவ்வளவு ஆறும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கணிப்பு எவ்வளவு கிட்டத்தில் வருகிறது என்பதற்குக் கொஞ்சம். மீதி, இருவரும் தனித்தனியே எழுதும் தேர்வுக்கு.

தபீதாளின் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வந்த இருவர் அஞ்சலியும் மிருதுளாவும். மிருதுளா செம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இருப்பவள். வெட்டுவது, ஒட்டுவது, நேரம் பார்ப்பது அவள் வேலை. அஞ்சலி பள்ளிக்கரணையிலிருந்து வருபவள். அவள் அம்மா தனம் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்பவர். பெட்டியின் வெளிக்கூடே அவர் கொடுத்த தெர்மாகோல் ஐஸ் பெட்டியை வெட்டி ஒட்டியதுதான். உள்ளே மருந்துக்கடைப் பஞ்சைப் பிரித்து, காற்று தங்கும்படி தளர்வாக அடைத்திருந்தார்கள். அதற்கு நடுவே அலுமினியத் தாள் சுற்றிய குழி, குழிக்குள் பீக்கர். மூடிக்குள்ளும் பஞ்சு. மூடியின் நடுவில் வெப்பமானி நுழைய ஒரு துளை.

அன்று காலை அந்த மூடியின் நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் புதிதாக இருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்ணத்தாள் ஒட்டுவதற்காக மிருதுளா பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். அம்மா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை செய்து வந்ததாக அவளே சொன்னாள். தபீதாள் வீட்டிலும் கணவர் ஜெபராஜ், பெட்டியை ஞாயிற்றுக்கிழமை சபைக்கு எடுத்து வந்தால் போதகர் எண்ணெய் தொட்டு ஜெபிப்பார் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பொட்டு வைப்பதால் வெந்நீருக்கு ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை என்று தபீதாள் விட்டுவிட்டார்.

அவர் அப்படி விட்டுவிடுகிறவர்தான். நாற்பத்தாறு வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு மகளாகப் பிறந்து, படிப்பு, கல்யாணம் எல்லாம் அந்தச் சுற்றுவட்டத்திலேயே முடிந்து, பத்தொன்பது வருடமாக இந்தத் தனியார் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார். கணவர் ஜெபராஜ் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை செய்கிறவர், சபையில் செயலாளர். தபீதாளைப் பற்றிப் பள்ளியில் யாரைக் கேட்டாலும் ஒன்றையே சொல்வார்கள்: வம்புக்குப் போகாதவர். அதைப் பாராட்டு என்றுதான் அவரும் வெகுநாள் எடுத்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு மகளை அழைத்துப்போக மிருதுளாவின் அம்மா சுஜி வந்தார். மிருதுளா ஐம்பத்தேழு என்றாள். சுஜியின் முகம் மாறியது. மகளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் ஏதோ கேட்டார். பிறகு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த அஞ்சலியிடம் போய் நின்றார். பீக்கரைக் கழுவிக்கொண்டிருந்த தபீதாளுக்கு உள்ளேயிருந்தே கேட்டது.

"உனக்கு இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"ரெண்டு, ஆன்ட்டி."

வகுப்பில் வாய்பாடு கேட்டால் சொல்கிற அதே குரலில் அந்தப் பெண் பதில் சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியம் கழிவறையில் மிருதுளாவிடம் அவள் ஒரு நாப்கின் கேட்டு வாங்கியிருந்தாள். மிருதுளா அதை வீட்டில் போகிறபோக்கில் சொல்லியிருந்தாள். இவ்வளவுதான் நடந்தது. சுஜி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு நேரே தாளாளர் அறைக்குப் போனார்.

பத்து நிமிடத்தில் தபீதாளுக்கு அழைப்பு வந்தது. தாளாளர் அப்பாதுரை கெட்ட மனிதர் இல்லை. பள்ளியில் எண்ணூறு பிள்ளைகள் என்றால் அறுநூறு பேரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மாலை நேரத்தில் பேருந்து கிடைக்காத பிள்ளைகளைத் தன் காரிலேயே ஏற்றிக் கொண்டுவிடுவார். அஞ்சலியை அப்படி இரண்டு முறை பள்ளிக்கரணை வரை விட்டிருக்கிறார். அதனால்தான் அவர் சொன்னதைக் கேட்டபோது தபீதாளுக்குக் கோபம் உடனே வரவில்லை.

"மேடம், அந்தப் பொண்ண இந்த வாட்டி விட்ருங்க. பத்தாவதுல இளமாறன் இருக்கான்ல, அவனப் போட்டுக்கலாம்."

"ஏன் சார்?"

"பேரன்ட் ஃபீல் பண்றாங்க."

"என்னன்னு சார் ஃபீல் பண்றாங்க?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார். "லேடீஸ் மேட்டர். உங்களுக்குத் தெரியாததா. பூஜ பண்ணி எடுத்துட்டு வந்திருக்காங்க. மீன் பொட்டி வேற. எதுக்கு மேடம் நமக்கு."

தீட்டு என்ற சொல்லை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கிவிடுகிற சொற்களைத்தான் இந்த ஊர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது. விண்கலம் நிலவில் இறங்கிய அன்று இதே பள்ளி வளாகத்தில் பெரிய திரை கட்டி நேரடி ஒளிபரப்பு காட்டினார்கள். அந்தத் திரை கட்டிய சுவரின் மறுபக்கத்தில்தான் இந்த அறை இருக்கிறது.

தபீதாள், பார்க்கிறேன் சார், என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பத்தொன்பது வருடப் பழக்கம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆண்டுவிழாவில் குத்துவிளக்குத் தட்டு ஏந்த ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேடைக்குப் போகிற நேரத்தில் யாரோ காதில் எதையோ ஓதினார்கள். தட்டை அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தது தபீதாளின் கைதான். அந்தப் பெண் பட்டுப்பாவாடையோடு மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிய இடத்தில் விழா முடியும்வரை நின்றாள். மறுநாள் அவளுக்கு ஒளிவிலகல் பாடம் நடத்தியவரும் தபீதாள்தான்.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது மிருதுளாவை அம்மா அழைத்துப் போய்விட்டிருந்தார். அஞ்சலி மட்டும் இருந்தாள்.

"மிஸ், இன்னிக்கு வெயிட் போடவேயில்ல."

ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னும் காலிப் பெட்டியை எடை போட்டு எழுதுவது அவள் வழக்கம். போட்டி விதியில் அது இல்லை. தராசில் வைக்காமல் எதையும் கை மாற்றாத வீட்டிலிருந்து வந்தவள். காலையில் மிருதுளா தாமதமாக வந்ததால் அவசரத்தில் அது விட்டுப்போயிருந்தது. ஆய்வகத்தின் மின்னணுத் தராசில் பெட்டியைத் தூக்கி வைத்தாள். எழுநூற்றுத் தொண்ணூறு. நோட்டைப் புரட்டினாள். வெள்ளி மாலை நான்கு மணி, மிருதுளாவிடம் கொடுக்கும்போது போட்ட எடை, அறுநூற்று எண்பத்து நான்கு.

"நூத்தி ஆறு கிராம் ஏறியிருக்கு மிஸ். கலர் பேப்பர் அவ்ளோ வெயிட் இருக்காது."

தபீதாள் மூடியின் அடித்தாளைப் பிரித்தார். பஞ்சு, பஞ்சாக இல்லை. ஈரமாக, ஒரு பக்கமாகச் சரிந்து, கஞ்சி போட்ட துணிபோலக் கனத்துக் கிடந்தது. குழியின் அடியில் இருந்த பஞ்சும் அப்படியே. பச்சைக் கற்பூர வாசனை வந்தது. பஞ்சில் ஒட்டிக்கொண்டு ஒரு துளசி இலை.

யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. பொட்டு வைத்ததோடு மனம் நிறையாமல், உள்ளேயும் போகட்டும் என்று வெப்பமானித் துளை வழியாகத் தீர்த்தத்தை ஊற்றியிருக்கிறார் சுஜி. ஒரு சின்னப் பன்னீர் பாட்டில் அளவு. பஞ்சு ஏன் சூட்டைக் காக்கிறது? அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று காக்கிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிட்டால் பஞ்சு வெறும் ஈரத்துணி. ஒன்பதாம் வகுப்புப் பாடம் இது. பெட்டியைக் கெடுத்தது எது என்று தெரிந்துவிட்டது. பெட்டியைக் கெடுத்தவள் என்று வெளியேற்றப்படுகிறவள் எதிரில் நின்று அந்தத் துளசி இலையை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய டீம்லேருந்து எடுத்துட்டாங்களா மிஸ்?"

"இன்னும் இல்ல" என்றார் தபீதாள்.

அன்று மதியம் இருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எதிர் மருந்துக்கடையில் பஞ்சு வாங்கிவந்து பெட்டியைப் புதிதாக அடைத்தார்கள். எடை அறுநூற்று எண்பத்தாறு. நாற்பது நிமிடம். அறுபத்தெட்டு டிகிரி. பிறகு, மூன்று மாதம் பாடுபட்டுச் செய்த பெட்டியின் துளைக்குள் அஞ்சலி தன் கையாலேயே குழாய்த் தண்ணீரை அளந்து ஊற்றினாள். நூற்று ஆறு மில்லி. மறுபடியும் நாற்பது நிமிடம். ஐம்பத்தாறரை. இரண்டையும் நோட்டில் எழுதிக் கோடு போட்டாள். ஈரப் பஞ்சைப் பிடுங்கிக் குப்பையில் போடும்போது மட்டும் அவள் கை கொஞ்சம் வேகமாக இருந்தது. மீதியிருந்த புதுப் பஞ்சால் பெட்டியை மறுபடியும் அடைத்து வைத்தார்கள்.

வீட்டில் ஜெபராஜ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "வேற யாராவது இதச் சொன்னா சயின்ஸ். நீ சொன்னா அது கிறிஸ்டியன் டீச்சர் கோயில் தீர்த்தத்தக் குத்தம் சொன்னாங்கன்னு ஆயிடும். புரியுதா?"

புரிந்தது. அது உண்மையும்கூட. சுஜியின் அடுக்குமாடிக் குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் அது எப்படி எழுதப்படும் என்று அவரால் வரிவரியாகச் சொல்ல முடியும். இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. கோயில் தண்ணீரைப் பற்றிப் பேசாத இந்த வாய், சபையில் எண்ணெயைப் பற்றியும் ஒருநாளும் பேசியதில்லை. காய்ச்சலில் துடித்த குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் உபவாச ஜெபத்துக்குக் கொண்டுவந்த குடும்பத்துக்கு, பின்வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொன்ன வாய்தான் இது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போனார். தாயிடம் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். ஆழத்தில் வேறொரு ஆசை இருந்தது. விடுங்க டீச்சர், நமக்கெதுக்கு, என்று தனம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். நிம்மதியாகத் திங்கட்கிழமையைக் கடந்துவிடலாம்.

தனத்தின் கடை என்பது பழைய குடைக்குக் கீழே ஒரு பலகை, இரண்டு ஐஸ் பெட்டி, ஓர் அரிவாள்மணை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது. வெள்ளைப் புடவையில் வந்த தபீதாளைப் பார்த்ததும் தனம் சிரித்தார்.

"இன்னா டீச்சர், சர்ச்சுலேந்து நேரா வர்ற மாதிரி கீது. சங்கரா கீது, வெட்டித் தரவா?"

தபீதாள் குனிந்து, தாழ்ந்த குரலில், சுற்றி வளைத்துச் சொன்னார். தனம் கையை நிறுத்தவில்லை. ஒரு மீனின் செதிலைச் சுரண்டி முடித்து, வயிற்றைக் கீறி, தலையை அறுத்து, துண்டு போட்டு, காத்திருந்தவரின் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். தாழ்ந்த குரல் அவருக்குத் தேவைப்படவில்லை.

"மூணு நாளும் அவ இங்க தான் குந்திகினு செதில் எடுக்கறா. இன்னிக்கும் காலைல எடுத்துக் குடுத்துட்டு தான் வூட்டுக்குப் போனா. அந்த மீன தான் செம்பாக்கம் மொத்தமும் வாங்கிகினு போயி கொழம்பு வெச்சுத் துன்னுது. எந்த வூட்லயாவது கொழம்பு கெட்டுப்போச்சான்னு கேட்டு சொல்லுங்க டீச்சர். நா வேற பொழப்பு பாத்துக்கிறேன்."

பையில் மீனோடு நின்றவர் பையைப் பார்த்தார். பக்கத்தில் எலுமிச்சை விற்றவர் சிரித்துவிட்டார். தனம் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கிட்டே வந்தார்.

"நேத்து வூட்டுக்கு வந்ததுலேந்து அவ வாய் தொறக்கல. வெயிட்டு எவ்ளோ ஏறிச்சு, தண்ணி எவ்ளோ ஊத்தின, அத்த கேட்டா ஒழுங்கா சொல்றா. வேற கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிறா. இந்த ஏரியால என்னிய எங்கெங்க நிக்காதன்னு சொல்லிக்கிறாங்கன்னு எனக்கு தெரியும். அது எனக்குப் பழகிப்போச்சு. அவளுக்குப் பழகக் கூடாதுன்னு தான் உங்க ஸ்கூல்ல சேத்தேன். நீங்க இன்னா செய்யப் போறீங்க, அத்த மட்டும் சொல்லுங்க."

தபீதாள் கேட்க வந்த வார்த்தை கிடைக்கவில்லை. அரைக் கிலோ சங்கரா மீனோடு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும் தாளாளர் அறையில் அவரும் சுஜியும் தபீதாளும் உட்கார்ந்தார்கள். தபீதாள் நோட்டைத் திறந்து வைத்தார். தீர்த்தம் என்ற சொல்லை அவர் எடுக்கவேயில்லை. உள்ளே ஈரம் போயிருக்கிறது. அதே அளவு குழாய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அதே அளவு ஆறியது. புதுப் பஞ்சு வைத்ததும் பழையபடி அறுபத்தெட்டு. எல்லா ஒத்திகையிலும் அஞ்சலி இருந்தாள், சனிக்கிழமை மதியம் அறுபத்தெட்டு வந்தபோதும் அவள்தான் தொட்டாள், அன்றைக்கும் அவளுக்கு இரண்டாம் நாள்தான். இதற்குமேல் எந்த நீதிமன்றத்திலும் சாட்சி கேட்க மாட்டார்கள்.

சுஜி நோட்டை மரியாதையாகவே பார்த்தார். பொறியியல் படித்தவர். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, மகளுக்காக விட்டவர்.

"தண்ணி ஊத்தினா ஆறும்னு எனக்கும் தெரியும் மேடம். ஆனா நான் ஊத்தினது தண்ணியில்ல."

அவர் நடிக்கவில்லை. அதுதான் தபீதாளை நிலைகுலைய வைத்தது. மகள் ஜெயிக்க வேண்டும் என்று விரதமிருந்து, வரிசையில் நின்று வாங்கி, ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தாமல் துளைக்குள் ஊற்றியவர் அவர். அது நல்லது மட்டுமே செய்யும் என்றால், கெட்டது வேறு யாரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். கணக்கு அவருக்குச் சரியாக வந்தது. வெப்பமானிக்கு மட்டும்தான் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அப்பாதுரை தொண்டையைச் செருமினார். நோட்டை மூடி தபீதாள் பக்கம் தள்ளினார். பெட்டி சரியாகிவிட்டதே, அதுதானே முக்கியம் என்றார். சனிக்கிழமைப் பக்கத்தை வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்றார். இந்தப் பிள்ளைக்கு அடுத்த வருடமும் வாய்ப்பு இருக்கிறது, மனக்கசப்பு வேண்டாம் என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பிய மாற்றுப் போட்டியாளர் படிவம். நீக்கப்படுபவர் பெயர், சேர்க்கப்படுபவர் பெயர், காரணம், பொறுப்பாசிரியர் கையொப்பம், பள்ளி முத்திரை.

அப்போது தபீதாளுக்கு ஒன்று விளங்கியது. இங்கே நிரூபணம் போதாமல் போகவில்லை. நிரூபணத்தை இங்கே யாரும் கேட்கவே இல்லை.

"காரணம்கிற இடத்துல உடம்பு சரியில்லன்னு போட்ருங்க மேடம்" என்றார் அப்பாதுரை.

"அந்தப் பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். உடம்பு சரியா இருக்கறதாலதான் மாசாமாசம் அது வருது."

சுஜி தரையைப் பார்த்தார். தாளாளருக்குக் காது சிவந்தது. தபீதாள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பேனாவைத் திறந்தார். நீக்கப்படுபவர்: அஞ்சலி. சேர்க்கப்படுபவர்: இளமாறன். காரணம் என்ற கட்டம் சிறியது. எழுத்தைப் பொடியாக்கி எழுதினார்: மாதவிடாய் நாளில் கருவியைத் தொட்டதால் அது கெட்டதாக ஒரு பெற்றோர் கருதியதை முன்னிட்டு. கீழே கையொப்பமிட்டு, தேதி போட்டு, முத்திரைக்காகத் தாளாளர் முன்னால் வைத்தார்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன் சார். சீல் வச்சிக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே ஸ்கேன் பண்ணி அனுப்பிடலாம்."

பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்பாதுரை படித்தார். முத்திரைப் பெட்டி அவர் வலதுகைப் பக்கத்தில் மூடி திறந்தே இருந்தது. அதை அவர் தொடவில்லை. அறைக்குள் சொல்லத் தயங்காத காரியத்தை, முத்திரை குத்தி ஒரு தாளில் அனுப்ப அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி மேடம். அந்தப் பொண்ணே போகட்டும்." கொஞ்சம் பொறுத்து, "அடுத்த வருஷம் லேப் பொறுப்ப வேற யாருக்காவது குடுத்துடலாம். உங்களுக்கும் ரெஸ்ட் வேணும்ல."

சுஜி எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். சண்டை போடவில்லை. மிருதுளாவுக்குச் செவ்வாய்க்கிழமை வர முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டலூர்க் கல்லூரியின் கூடத்தில் நீளநீளமாக மேசைகள் போட்டிருந்தன. முப்பத்தோரு பள்ளிகள். இரண்டிரண்டு பேராக நின்ற இடத்தில் அஞ்சலி தனியாக நின்றாள். ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் பங்கேற்கலாம் என்று விதி இருந்தது. தபீதாள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், மற்ற ஆசிரியர்களோடு நின்றார்.

நடுவர் ஒருவர் ஒவ்வொரு மேசையாக நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். அஞ்சலியின் நோட்டில் சனிக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது என்னம்மா, திடீர்னு அம்பத்தேழு?"

"உள்ள தண்ணி போயிடுச்சு சார். நூத்தி ஆறு கிராம்."

"எப்படிப் போச்சு?"

அஞ்சலி கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தபீதாள் தலையாட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை.

"கோயில் தீர்த்தம் சார். தெர்மாமீட்டர் ஓட்டை வழியா ஊத்திட்டாங்க. அப்புறம் அதே அளவு குழாத் தண்ணி ஊத்திப் பாத்தோம். அடுத்த பக்கத்துல இருக்கு."

நடுவரின் நெற்றியில் திருநீறு இருந்தது. அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பி, இரண்டு எண்களையும் பார்த்து, ஓரத்தில் ஒரு சரி போட்டார். சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. தபீதாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தார். இவ்வளவுதானே. இவ்வளவு சாதாரணமாகச் சொல்லக்கூடிய ஒன்றுதானே.

கணிப்புத் தாளில் அஞ்சலி அறுபத்தெட்டு என்று எழுதினாள். நாற்பது நிமிடம் கழித்து வந்தது அறுபத்தேழு புள்ளி நான்கு. பெட்டிக்கான மதிப்பெண்ணில் மூன்றாவது இடம். மதியம் எழுத்துத் தேர்வு. அஞ்சலிக்கு ஐம்பதுக்கு நாற்பத்து நான்கு. மிருதுளாவின் கட்டத்தில் பூஜ்யம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்ததும் அவர்கள் பதினொன்றாவது இடத்துக்குப் போனார்கள். முதல் ஆறு அணிகள்தான் அடுத்த சுற்றுக்கு.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அஞ்சலி நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். மிருதுளா வந்து, வெறும் இருபத்தைந்து எடுத்திருந்தாலும் ஐந்தாவது இடம். அவள் எப்போதும் நாற்பதுக்குக் குறைந்ததில்லை. அஞ்சலி கணக்கை இரண்டு முறை சரிபார்த்தாள். யாரையும் திட்டவில்லை. பெட்டியை ஜி.எஸ்.டி. சாலையின் புழுதி படாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

தபீதாளின் கைபேசியில் செய்தி வந்தது. மிருதுளா, அம்மாவின் எண்ணிலிருந்து. மிஸ், எவ்ளோ வந்துச்சு? தபீதாள் கைபேசியை அஞ்சலியிடம் நீட்டினார். அஞ்சலி 67.4 என்று தட்டினாள். வேறு ஒன்றும் எழுதவில்லை.

உடனே பதில் வந்தது. நான் 67.5 நெனச்சேன் மிஸ். புதுப் பஞ்சாச்சே, கொஞ்சம் கம்மியாதான் வரும்னு தோணுச்சு. அஞ்சலிகிட்ட சொல்லுங்க.

நோட்டில் அன்றைய பக்கத்தில் இருவரின் கணிப்புக்கும் தனித்தனியாக இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் அஞ்சலியின் அறுபத்தெட்டு. பக்கத்துக் கட்டம் காலி. தபீதாள் அதைப் பார்த்தார், பிறகு அஞ்சலியைப் பார்த்தார். எழுதிவிடேன் என்று சொல்ல வாயெடுத்தார். வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்து, மணியைப் பார்த்துக்கொண்டு, எண் ஒன்றை மனதுக்குள் வைத்திருந்த அந்த இன்னொரு பிள்ளையையும் அவரால் ஒதுக்க முடியவில்லை.

அஞ்சலி செய்தியை இரண்டாவது முறை படித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரீடிங் தெரிஞ்சப்புறம் யார் வேணா சொல்லலாம் மிஸ். அது கணக்குல வராது."

காலிக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். தாம்பரம் பேருந்து வந்தது. கூட்டம் அதிகம். இருவரும் பெட்டியை நடுவில் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.